மஞ்சள் தண்ணீர் போன வழி

போன வியாழக்கிழமை, அரை நாள் வேலை லீவு என்பதால், ஒரு கேம்பர் வான் பார்க்கப் போனோம். உள்ளே கட்டில், அடுப்பு, குசினி எல்லாம் இருக்கிற வான். பழையது. நகர ஓரத்துப் பிரான்காச்சோவில் ஒரு கராஜ்காரர் விற்கிறார்.

எனக்கு முதல் நாளே நித்திரை போய்விட்டது. சைக்கிள் வாங்குவதென்றாலே நாலு தரம் சுற்றிப் பார்க்கிறவன் நான் – இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இதுவோ வீடும் வாகனமும் ஒன்றாய்ச் சேர்ந்த சாமான். இரண்டு மடங்கு கவலை.

ஏன் இந்த வம்பு? மனைவி வசந்தியின் அக்கா ஜெர்மனியில். அக்கா மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள்; ஓகஸ்ட்டில் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் யோகன், வசந்தியின் தம்பி, இங்கே எங்களோடுதான் இருக்கிறான். அவன் இல்லாமல் சடங்கு நடக்குமா? எங்கள் பிள்ளைகளுக்கோ ரயிலில் ஏறினாலே சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்காது. கேம்பர் என்றால் படுத்துக்கொண்டே போகலாம். 'வாறம்' என்று வசந்தி அக்காவுக்குச் சொல்லியும் விட்டாள்.

கேம்பருக்கு வருகிற பெரிய வியாதி எஞ்சினில் இல்லையாம். தண்ணீராம். கூரையால் கசிந்து சுவருக்குள் மரத்தை உக்கவைத்துவிடும். மேலே புதுப் பலகை அடித்தால் வெளியே தெரியாது. சுவரெல்லாம் விரலால் அமத்திப் பார் என்று நான் வேலை செய்யும் வீட்டு சின்யோரா சொல்லியிருந்தார்.

அமத்தினேன். அலுமாரிக்குள், ஜன்னலுக்குக் கீழே, மெத்தையைத் தூக்கி... மணந்துகூடப் பார்த்தேன். எலுமிச்சை வாசம். ஏன் இவ்வளவு வாசம்? அதுவும் ஒரு கவலை.

"அத்தான், வான் பாக்கிறியளோ, நாடி பிடிக்கிறியளோ?" என்றான் யோகன்.

"நீ சும்மா இரு. உன்ர மருமக்கள்தான் இதுக்குள்ள படுக்கப்போகுதுகள்."

பிள்ளைகள் படுக்கப்போகும் மேல்கட்டிலின் தலைமாட்டில் சாந்தா ரோசாலியாவின் படம் ஒட்டியிருந்தது. இந்த ஊரின் காவல் புனிதை; சைவக்காரரான நாங்களும் மலையேறிப் போய்க் கும்பிடுகிற அம்மா. கும்பிட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். சாமி படத்தை யாராவது விரலால் குத்துவார்களா?

கராஜ்காரர், வந்து பத்திரம் எழுதலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். வசந்தி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டால் எங்கட வாகனம் மாதிரித்தான். கடிதாசியளை அந்தாள் ஆறுதலா எழுதட்டும்."

வீட்டிலேயே போத்தலில் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"விசரே உமக்கு? இன்னும் எங்கட வான் இல்லை. கறை பட்டால் அந்தாள் எங்கட தலையில கட்டிவிடும்."

"கட்டட்டுமன். வாங்கத்தானே வந்தனாங்கள்? தம்பி, ஏறிக் கூரைக்கும் தெளி."

யோகன் பின் ஏணியால் ஏறினான். தெளிப்பது என்றால் அவனுக்கு ஊற்றுவது. கூரை ஜன்னல் ஓரமாக முழுப் போத்தலையும் கவிழ்த்தான்.

எங்கே கறை படுகிறதோ என்று நான் உள்ளே ஓடினேன். ஒன்றுமில்லை. மூச்சு வந்தது. பிறகு – சாந்தா ரோசாலியாவின் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கோடு மெல்ல இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. மெத்தையில் சொட்டியது... எங்கள் சின்னவள் தலை வைக்கவிருந்த இடம்.

படத்தின் ஓரத்தில் பெருவிரலை வைத்தேன். தேத்தண்ணியில் நனைந்த பாணுக்குள் போவது போலப் போனது.

வசந்தி கைகூப்பினாள். "அம்மா காட்டித் தந்திட்டா."

கராஜ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சின்னக் கசிவுதான், கொஞ்சம் சிலிக்கோன் போதும் என்றார்.

"பூசிப்போட்டு அவரையே அதில படுக்கச் சொல்லுங்கோ," என்றாள் வசந்தி. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. 'கிராட்சியே' என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வசந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

"வாறம் எண்டு சொல்லும். ரயிலில."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தத்துவம் வராது. ஆனால் ஒன்று... கவலைப்படுகிறவன் எல்லா இடத்தையும் பார்ப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். கும்பிட்ட இடத்தை அவன் பார்ப்பதில்லை. அதைக் காட்ட வந்த தண்ணீரைத் தடுக்கப் பார்த்ததும் அதே கவலைதான்.

இப்போது ரயில் கவலை. சத்திக்கு மாத்திரை, பை, துவாய்... ஸ்டேஷனுக்கும் வசந்தி மஞ்சள் தண்ணிப் போத்தலோடு வரப்போகிறாளாம்.

இந்த முறை நான் வாய் திறக்க மாட்டேன்.