பேசாத நாய்க்கு வசனம்

என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம்" என்று நாளெல்லாம் ஊரார் மூச்சுக்கு உத்தரவு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். கேள்வி கேட்டால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில், இவரை நம்பி எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆனால் முழுக்கை மாமா என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அத்தானை நிறுத்த முடியாது.

முழுக்கை மாமா காலைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில், கீழ் மூலையில், மூன்று கட்டமாக வந்துகொண்டிருந்த ஆசாமி. விரல் வெளியே தெரியாத அளவுக்கு நீளமான சட்டைக் கை. வாயாடி மனைவி. குமாஸ்தா என்று ஒரு நாய். மாமா ஒன்று சொல்வார், மாமி அதற்கு மேல் ஒன்று சொல்வாள். குமாஸ்தா மட்டும் பேசியதே கிடையாது. மூன்றாவது கட்டத்தில் நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் சங்கதி. வரைந்தவர், கை நடுங்க ஆரம்பித்ததும், நிறுத்திவிட்டார். அந்த மூலையில் மெத்தை விளம்பரம் போட்டார்கள். வேறு எவராக இருந்தாலும் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மெத்தை வாங்கப் போயிருப்பார்கள்.

அத்தானும் அவரைப் போன்ற ரசிகர்களும் சங்கம் வைத்தார்கள். ஜெராக்ஸ் கடை ஒன்றின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவார்கள். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஒருவர் கண்ணாடிக் கடைக்காரர், இன்னொருவர் கட்டட வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவர். மாமா சட்டையில் எத்தனை பொத்தான் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கட்டிப் புரள்வார்கள். யாராவது தாமதமாக வந்தால் மற்றவர்கள் ஒரே குரலில், "ஆபீஸ் எங்கயும் ஓடிப்போயிடாது!" என்பார்கள். அது மாமா சொல்வது. நான் இவர்களுக்கு முழுக்கைக் கோஷ்டி என்று பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் அத்தானுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது, கண்டக்டர் பேப்பரிலிருந்து வெட்டி வைத்த ஒரு பழைய மாமா துணுக்கைப் பார்த்து விசும்பிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய காலையை நினைத்து அழுகிறாராம். அன்றிலிருந்து கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அந்தக் கோஷ்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் இல்லாத துணுக்கை இன்னொருவர் கடன் கொடுப்பார். வாங்கியவர் அதை வாங்கினபடி திருப்பித் தந்தால் அது மரியாதைக் குறைவு. ஒட்டிய டேப்பை எடுத்து, மடிப்பை நீவி, பேனாக் கீறல், பென்சில் கிறுக்கல் எல்லாவற்றையும் போக்கி, பேப்பர்காரன் போட்டுவிட்டுப் போன அன்றைக்கு இருந்த மாதிரி கொடுக்க வேண்டும். அத்தானும் செய்திருக்கிறார். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ மாமிக்கு வரைந்த மீசையை அவர் பொறுமையாக அழித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும், இந்தச் சங்கமெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரே பெண் இருந்தாள். சிட்டு என்று கூப்பிடுவோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அக்கா ஒரே வாரத்தில் வீட்டைத் துடைத்துவிட்டாள். சட்டை, செருப்பு, ஸ்கூல் பை, நோட்டு, சீப்பு, ஒன்று விடாமல் போனது. "எது கண்ணுல பட்டாலும் எனக்கு மூச்சு அடைக்குதுடி. எதுவும் இருக்கக் கூடாது" என்றாள். அத்தான் தலையாட்டினார். ஒன்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

சிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த காலத்தில், தினமும் அத்தான் மடியில் உட்கார்ந்து முழுக்கை மாமா படிப்பாள். நாய் மட்டும் ஏன் பேசவில்லை என்று அவளுக்கு ஒரே குறை. மூன்றாவது கட்டத்தில் குமாஸ்தா தலைக்கு மேலே பென்சிலால் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தானே வசனம் எழுதுவாள். அத்தான் அந்தத் துணுக்குகளை வெட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பழுப்பு எக்ஸ்ரே உறைக்குள் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். கோஷ்டிக்குக் காட்டியதில்லை. அக்காவிடம் சொன்னதுமில்லை, சொன்னால் அதையும் கிழித்துவிடுவாளோ என்று பயம். எனக்கு மட்டும் தெரியும். அவள் கையெழுத்து என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

போன வருஷம் கோஷ்டி ஒரு கண்காட்சி நடத்தத் தீர்மானித்தது. பள்ளிக்கூட ஹால் ஒன்றைப் பிடித்து, சுவர் முழுக்க வரிசையாக மாமாவை ஒட்டப் போகிறார்களாம். வரைபடக்காரர்தான் பொறுப்பு. வரிசையில் சில மாதங்கள் விட்டுப்போயிருக்கின்றன, யாரிடமும் கிடைக்கவில்லை. அத்தானிடம் இருக்குமோ என்று அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தான் டியூட்டியில் இருந்தார். எக்ஸ்ரே அறையில் போனை எடுக்க மாட்டார்.

அக்கா அத்தனை வருஷமும் முழுக்கை மாமா துணுக்குகளைக் காகிதக் குப்பை என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அவள் மனதில் என்ன ஈரம் வந்ததோ. 'பாவம், இந்த மனுஷனுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு, சுவத்துல ஒட்டினா நாலு பேரு பாப்பாங்க' என்று நினைத்தாளாம். பீரோவைத் திறந்து, கிடைத்த உறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் சிரித்த முகத்தோடு சொன்னபோது அத்தான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"இப்பவே போன் போடுங்க அத்தான். எதையும் அழிக்காதீங்க, அது என் பொண்ணு எழுதுனதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"சார், அந்த உறை..." என்றார். "அது... பத்திரம் சார்."

"நீங்க சொல்லணுமா சார்! கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்" என்று அந்தப் பக்கம் கேட்டது.

அத்தான் போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பத்திரம்னா அவருக்கு என்ன புரியும்? உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்ததே அவருக்குத் தெரியாதே! போனைக் குடுங்க, நான் சொல்றேன்."

"வேண்டாம்மா. நானே நேர்ல போய்ச் சொல்றேன்" என்றார். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாள் அவர் தெரு முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். சிட்டு என்ற பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. முன்பின் பழக்கமில்லாத வார்த்தை மாதிரி அது வர மறுத்தது. இதைக் கோழைத்தனம் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடக்காரரே உறையோடு வந்தார். ஒட்டுவதற்கு முன்னால் அத்தானுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை. நான் அங்கேதான் இருந்தேன். அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவர் துணுக்குகளை மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"பாருங்க சார். புத்தம் புதுசு. ஏதோ ஒரு கொழந்தை நாய்க்கெல்லாம் வசனம் எழுதி வச்சிருந்துச்சு. நல்லா அழுத்தி வேற எழுதிருச்சு. சாதா ரப்பர் போட்டா காகிதம் கிழிஞ்சுரும். மாவு மாதிரி பிசையிற ரப்பர் ஒண்ணு இருக்கு, அதுல ஒத்தி ஒத்தி எடுத்தேன். பள்ளம் தெரியக் கூடாதுன்னு துணி போட்டு இஸ்திரியும் போட்டேன். நீங்க பத்திரம்னு சொன்னீங்களே, அதான் யார்கிட்டயும் குடுக்காம நானே செஞ்சேன்."

அக்கா தம்ளரோடு அப்படியே நின்றாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாய் ஏன் பேசவில்லை என்று அவளிடமும்தான் அந்தப் பிள்ளை ஆயிரம் தடவை கேட்டிருக்கும்.

அத்தான் ஒவ்வொரு துணுக்காகப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கு சார்" என்றார். துணுக்குகள் இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, கைகூப்பி வழியனுப்பினார். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரையாவது திட்டினால் நெஞ்சு ஆறும், திட்டுவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் அத்தான் துணுக்குகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே பிலிமை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தாராம். நேராக, சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்து. எலும்பில் முடிபோல ஒரு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். நாய்த் தலைக்கு மேலே தெரிந்ததெல்லாம் தாளின் மறுபக்கத்தில் அச்சாகியிருந்த வாடகைக்கு வீடு விளம்பரம்தான்.

கண்காட்சிக்கு அந்தத் துணுக்குகள் போகவில்லை. விட்டுப்போன மாதங்களுக்கு வெற்றுத் தாள் ஒட்டினார்களாம். அத்தான் போகவில்லை, அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடைக்கும் போகவில்லை.

அக்கா பல நாள் அவரோடு பேசவில்லை. தான் எடுத்துக் கொடுத்ததற்காகத் தன்மேலும், தன்னிடம் மறைத்ததற்காக அவர்மேலும் எரிந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் நான் போயிருந்தபோது, உறையைத் தானே எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. அவ என்ன எழுதியிருந்தான்னு சொல்லுங்க. நான் ஒண்ணுகூடப் படிக்கல."

முதல் துணுக்கை நீட்டினாள். அத்தான் அதைப் பார்க்காமலே சொன்னார். மாமா கதைகளெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"கண்ணாடியைக் காணோம்னு மாமா தேடுறாரு. 'கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடுங்க'ன்னு மாமி சொல்றா."

"சரி. நாய்?"

அத்தான் கண்ணை மூடினார். "'நான் பாத்தேன். சொல்ல மாட்டேன்'" என்றார். சின்னப் பிள்ளைக் குரலில் சொல்ல முயன்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவதான்! திருட்டுக் கழுதை, என் சாவியை ஒளிச்சு வச்சுட்டு இப்படித்தான் சொல்லுவா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை நீட்டினாள். "இது?"

"'இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு வேலையும் இல்ல'ங்கிறாரு மாமா. 'அப்புறம் ஏன் லேட்டு?'ன்னு மாமி கேக்குறா. 'மத்தவங்களும் சும்மாதான் இருக்காங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்'ங்கிறாரு."

"நாய்?"

அத்தான் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அக்கா இன்னொன்றை எடுத்தாள். மாமா சொன்னது வந்தது, மாமி சொன்னது வந்தது. இன்னொன்று. அதிலும் அச்சில் இருந்தது மட்டும்தான் வந்தது.

"யோசிங்க. அவசரமில்ல" என்றாள் அக்கா.

அத்தான் முதல் துணுக்கை மறுபடி கையில் எடுத்து, குமாஸ்தா தலைக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுகூட..." என்றார். "இதுகூட அவ எழுதுனதுதானா, நானா இப்பச் சொன்னேனான்னு தெரியல."

அக்கா அடுத்த துணுக்கை நீட்டவில்லை.