சின்னக்கண்ணுவின் வரகு

ஊரே நம்பும் ஒன்றை ஒருத்தி மட்டும் நம்பாமல் இருந்தால் அதற்குப் பெயர் அறிவா, பிடிவாதமா? சாணார்பட்டிப் பக்கத்துச் சின்னக்கண்ணுவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போனதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கம்பக்கமெல்லாம் கடலைக்கு மாறியபோதும், அவள் தன் புன்செய்க் காட்டில் ஒரு துண்டை வரகுக்கென்று பிடித்துவைத்தாள். உமி நீக்காத வரகு வருஷக்கணக்கில் கெடாது. அதைத் தானியம் சேர்த்துவைக்கும் மண் குலுக்கையில் கொட்டி, வாயைச் சாணமிட்டு மெழுகினாள். விளக்கெரிக்க ஆமணக்கெண்ணெயும் காய்ச்சி வைத்தாள்.

"கடையில அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் கெடைக்குது. பஞ்சத்துக்கு வாக்கப்பட்டுப் போறவ மாதிரி இம்புட்டுச் சீரு சேக்குறியே!" என்று புருஷன் நல்லுசாமி கேலி செய்தான்.

"கடைக்காரன் கதவச் சாத்துனா நீங்க போயித் தட்டிக்கிட்டு நில்லுங்க. எம்புள்ளைக நிக்காதுக."

மழை பொய்த்த வருஷம் கடைக் கதவு பாதி நாள் சாத்தியே கிடந்தது. அவள் குலுக்கையைத் திறந்தாள். பிள்ளைகள் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. நல்லுசாமி வரகுச் சோற்றை மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றான்.

அடுத்த மழைக்கு ஊரே வரகு விதைத்தது. நல்லுசாமியும் விதையை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். "இனி வரகு ஊரெல்லாம் கெடைக்கும்" என்று சின்னக்கண்ணு அவனைத் தடுத்துவிட்டு, தன் வரகுத் துண்டில் மல்லிகைப் பதியன் நட்டாள்.