கதிரையில் கொஞ்ச இடம்

டீசல் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும். போன கிழமை ஊர்காவற்றுறைத் துறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்து நின்றபோதும் அப்படித்தான். பதிந்த வாக்காளர் குறைந்ததால் எங்கள் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் குறைகிறது என்று தேநீர்க் கடை வானொலி சொன்னது. "ஒரு கதிரை போச்சு," என்றார் கடைக்காரர்.

எனக்குத் தவமக்கா ஒருமுறை கேட்டது ஞாபகம் வந்தது. கிராம அலுவலராக எனக்கு முதல் நியமனம் அந்தத் தீவில்தான். வாக்காளர் பேர் பதிய வீடு வீடாகப் போவேன். அரசாங்கமே என் தலையில்தான் நிற்கிறது என்ற நினைப்பு. படகால் இறங்கியதும் வாந்தி. முதல் நாள் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தவர் தவமக்கா.

வீட்டில் அவர் தனி. மகன் ரூபனை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று படையினர் கூட்டிப்போனார்களாம். விடவில்லை. இல்லாதவர் பேரைப் பதிய ஏலாது என்று பக்குவமாகச் சொல்லத் தொடங்கிய நான், படித்த பெருமையில் முழுத் தேர்தல் முறையையும் ஒப்புவித்தேன். வாக்குச்சீட்டில் போடும் புள்ளடி கட்சிக்கு, விருப்பு எண் ஆளுக்கு. ஆனால் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பதிந்த பேர்களின் கணக்கில்தான். பேர் குறைந்தால் ஆசனமும் குறையும் என்றேன்.

அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்ப தம்பி, அங்கை ஒரு கதிரையிலை என்ரை பெடியனுக்கும் கொஞ்ச இடம் கிடக்கு. நீர் அதையும் எடுக்கப் போறீரோ?"

நான் படிவத்தை விரித்தேன். ரூபன் எங்கே இருக்கிறான் என்று எழுதுவது என மட்டும் கேட்டேன்.

"இஞ்சைதான். வேறை எங்கை இருக்கப்போறான்?"

எழுதினேன். அங்கே வேலை பார்த்த வருஷமெல்லாம் அதையே கேட்டு, அதையே எழுதினேன். எனக்குப் பின் வந்தவர்களும் எழுதினார்கள். தேர்தல் தவறாமல் அக்கா நடந்துபோய்ப் புள்ளடி போட்டுவிட்டு வருவார். வென்றவர்கள் மாலையோடு வந்து கும்பிட்டுப் போனார்கள். அந்தக் கதிரையில் இருந்த ஒருவராவது எழும்பி ரூபன் எங்கே என்று கேட்டதாக நான் அறியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாரியில் தவமக்கா செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போகாத குறைக்குத்தான் இந்தப் பயணம். வீடு பூட்டிக் கிடந்தது. இப்போதைய அலுவலர் ஒரு நல்ல பிள்ளை. வீட்டில் கேட்க ஆளில்லாததால், தாயின் பேரோடு மகனின் பேரையும் வெட்டவேண்டி வந்தது என்றாள். அவள்மேல் பிழையில்லை. ரூபன் இங்கேதான் இருக்கிறான் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.