சீர்த்தட்டில் வந்த சிக்னல்

பேய், பிசாசு, மோகினி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து பிளேன்டி, பால் போடாத தேத்தண்ணி, ஊற்றப் போய்விடுகிற ஆள் நான். இலங்கை மலையகத்தில், அட்டனில், ரேடியோ, போன் திருத்துகிற கடை வைத்திருந்தேன். வயரில் கரன்ட் வரும், அல்லது வராது, மூன்றாவதாக ஒன்று கிடையாது என்பதுதான் என் கொள்கை. பட்டிப்பொல ரயில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை பார்த்தேன் என்று சொன்ன ஒரு வாத்தியாரிடம், அது பனியாக இருக்கும், கண்ணாடியை மாத்துங்க சார் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில்.

தேயிலைத் தோட்டங்களுக்குக் கைத்தொலைபேசி வந்த புதிது. நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர், வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஒரு வேன் செய்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் உண்டு, வயரிங் முழுக்க என் வேலை. போன் எடுபடவில்லை என்று வெள்ளைக்காரர்கள் கத்துவார்களாம், அதற்காக ஒரு சிக்னல் பூஸ்டரும் வாங்கிக் கொடுத்தார். கூரையில் நிற்கிற அன்டெனா மெல்லிசாக வருகிற சிக்னலைப் பிடிக்கும், பெட்டி அதைப் பெரிதாக்கும், உள்ளே இருக்கிற சின்ன அன்டெனா போனுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் சங்கதி. அந்த வேனுக்கு டிரைவர் என் கூட்டாளி செல்வம்.

செல்வத்தின் தங்கை பவானிக்கு வட்டகொடைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால்தான் பெண் மணவறையில் உட்காருவாள். அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்ததே அந்த மாமாதான், ராசு மாமா. அவர் கத்தாரில். லீவு தருகிறேன் என்று சொன்ன கம்பெனி கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டது. பவானி ஒரே பிடி: "மாமா கைதான் இல்ல, வாயாலயாவது 'ஏறு'ன்னு சொல்லட்டும். சொல்லாம ஏறமாட்டேன்." மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தும் அசையவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் ஒரு பொட்டுக் கிடையாது, மலை உச்சிக்கு ஏறினால்தான் கிடைக்கும், பட்டுச்சேலையோடு அவளை அங்கே எப்படி ஏற்றுவது? வேனையும் பூஸ்டரையும் பரீட்சித்துப் பார்க்கப் போகிறோம் என்று முதலாளியிடம் சொல்லி நானும் செல்வமும் கிளம்பிவிட்டோம். பொய் இல்லை, பரீட்சைதானே.

காலையிலேயே வேனைப் பணிய லயத்துக்கு, அதாவது கீழ் வரிசை வீடுகளுக்கு, முன்னால் நிறுத்தினேன். கல்யாணம் மேலே, படியேறிப் போகிற மாரியம்மன் கோயிலில். மாமா கத்தாரிலிருந்து என் போனுக்கு எடுத்துப் பேசுவதாக ஏற்பாடு. பெட்டியைப் போட்டால் பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு கண் சிமிட்டுகிறது. பியூஸ் மாற்றினேன். வயரைக் கழற்றிப் பூட்டினேன். உள் அன்டெனாவும் வெளி அன்டெனாவும் கிட்டக் கிட்ட இருந்தால் பெட்டி தன் சத்தத்தைத் தானே கேட்டு மிரண்டு நின்றுவிடும், அதனால் ஒன்றை இந்தக் கோடிக்கும் மற்றதை அந்தக் கோடிக்கும் மாற்றினேன். ம்ஹும். மேலே மேளக்காரர்கள் வாசித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சுற்றி நின்ற கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொன்னது, ஒரு பெரியவர் வேனைத் தள்ளிப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார்.

செல்வத்தின் அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏன் தம்பி, இந்தப் பொட்டிக்கும் நல்ல நேரம் பாத்திருக்கணுமோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வேனின் கூரை இரும்பு இல்லை, பைபர். காந்தம் வைத்த அன்டெனாவுக்குக் கீழே தகரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செத்த குச்சி. "அம்மா, ஒரு தகரம் குடுங்க, எதுன்னாலும் சரி!" என்று கத்தினேன். சமையல்காரர் சோற்றுக் கிடாரத்து மூடியைத் தர முடியாது என்றுவிட்டார். அம்மா விறுவிறுவென்று போய், மாமன் சீர் அடுக்கியிருந்த பூப்போட்ட தகரத் தட்டில் இருந்த சேலையையும் பழத்தையும் பாயில் கொட்டிவிட்டுத் தட்டைக் கொண்டுவந்தார். "மாமன் சீர்த் தட்டுதான தம்பி. மாமன் பேசுறதுக்கே போகட்டும்."

தட்டை வைத்து அதன் மேல் அன்டெனாவை நிறுத்தினேன். பச்சை! சிக்னல் இரண்டு கோடு வந்து நின்றது. ஊரே கைதட்டியது. பவானியைக் கட்டிலில் உட்கார வைத்தோம், சேலை கசங்காமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேர். போன் அடித்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"தாயி!" மாமா அழுதுகொண்டே சிரிக்கிறார். "நல்லா இருக்கணும் தாயி. எல்லாம் கேட்டேன். கெட்டிமேளம் கேட்டேன், கொலவ சத்தம் கேட்டேன். 'ஐயையோ, ஆடு மாலைய திங்கிது'ன்னு ஒருத்தரு கத்துனாரு பாரு, நானும் சேந்து சிரிச்சேன்."

பவானி எங்களைப் பார்த்தாள். "மாமா, இன்னும் தாலி கட்டலயே. நான் வேன்லதான் இருக்கேன்."

"என்னா தாயி சொல்ற? முழுசாக் கேட்டேனே. ஒரு போன் கார்டே தீந்துருச்சு, இது ரெண்டாவது கார்டு." பிறகு, என்ன நினைத்தாரோ, "சரி, இருக்கட்டும். ஏறு தாயி, மாமன் சொல்றேன், சந்தோசமா ஏறு" என்றார். "சரி மாமா" என்று அவள் சொல்லி முடிப்பதற்கும் லைன் போவதற்கும் சரியாக இருந்தது.

சந்தோஷத்தில் மாமாவுக்குத் தலை கால் புரியவில்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பவானி முகம் பூராவும் பல்லாகப் படியேறினாள். போனை வேனிலேயே போட்டுவிட்டு நானும் பின்னால் ஏறினேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார், பெண்கள் குலவை போட்டார்கள். நான் பூவைத் தூவிவிட்டுத் திரும்பினால், எங்கிருந்தோ வந்த ஒரு கிடாக்குட்டி மணவறைக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் மாலை நுனியை நிதானமாகச் சவைக்கிறது. "ஐயையோ, ஆடு மாலைய திங்கிது!" என்று ஒரு குரல் கத்தியது. கத்தியது நான். சபை குலுங்கிச் சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தார், ஐயரும் சிரித்தார். நானும் செல்வமும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன் அப்போதும் கீழே வேனில்தான் கிடந்தது. அதில் வேறு அழைப்பு வந்திருக்கவில்லை. தோட்டத்தில் வேறு எவரிடமும் எடுபடுகிற போன் கிடையாது. எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த மின்சாரத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒன்று, மாமா கேட்டார். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களை விட நன்றாகக் கேட்டிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனது நிறைந்துவிடும்.

அடுத்த வருஷம் அவர் லீவில் வந்தார். பார்க்கப் போனேன். வாசலில் நின்று "சுகமாண்ணே?" என்றதுதான், யார் என்று யாரும் சொல்லுமுன்பே எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"இந்தக் கொரலுதான்! ஆட்டப் பாத்துக் கத்துனது நீங்கதான? பெறகு எங்கிட்டப் பேசுனதும் நீங்கதான?"

"நான் பேசலயேண்ணே. நீங்க எடுத்தப்ப பவானிகிட்டல்ல குடுத்தேன்."

"அது ரெண்டாந்தடவ தம்பி. மொதல்ல, எல்லாம் முடிஞ்ச பெறகு, நீங்க போன எடுத்து 'நல்லாக் கேட்டுச்சாண்ணே?'ன்னு கேட்டீங்க. கேட்டுச்சுன்னேன். 'அப்ப வச்சிட்டு மறுபடி எடுங்க, புள்ள வேன்ல காத்துக்கிட்டு இருக்கு'ன்னீங்க. பரிகாசம் பண்றீங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன், பவானி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள், வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

'நல்லாக் கேட்டுச்சாண்ணே?' என்ற அந்த வார்த்தைகளை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் சில நாள் தெரியாத நம்பரில் இருந்து போன் அடிக்கும்போது, மாமாவின் அந்த முதல் அழைப்பு இதுதானோ, இன்றைக்குத்தான் சொல்லப்போகிறேனோ என்று கை கொஞ்சம் தயங்கும்.