உயிரோடிருந்தவர் படத்துக்கு வைத்த குங்குமம்

படத்தின் கண்ணாடிமேல் குங்குமம் வைத்த விரல் இதோ, இன்னும் என் கையில்தான் இருக்கிறது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. லாயாங் லாயாங் என்ற ரயில் ஸ்டேஷனை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்துச் சங்கத்தின் ஆண்டு விழா அது. சிங்கப்பூரிலிருந்து ஒரு பேச்சாளர் வருவதாக ஏற்பாடு. தபாலில் வந்த அவர் படத்தைச் சட்டம் போட்டு, மேடை அலங்காரத்தை என்னிடம் ஒப்படைத்திருந்தார் சங்கச் செயலாளர். தோட்ட ஆபீசில் அவர்தான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எங்கள் வீட்டில் இருந்த ஒரே படம் செத்துப்போன என் மாமனாருடையது. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றிப் பழகிய கை. புத்தி எங்கே மேய்ந்ததோ, கை தன் வேலையைச் செய்துவிட்டது.

வந்து பார்த்த பெரிய கிராணி அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? உயிரோட இருக்கற மனுசனுக்கு இப்படியா?" மாலையைக் கழற்றப் போனேன். "தொடாதீங்க!" என்று கத்தினார். ஏற்றிய விளக்கை அணைத்து, போட்ட மாலையைப் பிடுங்கினால் இன்னும் கேடு என்று அவருக்குப் பயம். இத்தனைக்கும் அன்றைய பேச்சே மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றித்தான்! விட்டாலும் வம்பு, எடுத்தாலும் வம்பு என்று இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். கடைசியில் படம் அப்படியே இருந்தது.

பகல் ரயில் வந்தது, பேச்சாளர் வரவில்லை. அழைக்கப்போன மாட்டுவண்டி வெறுமனே திரும்பியது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து குளித்துவிட்டு வந்த சனம் பாயில் உட்கார்ந்து, ஆளில்லாத மேடையையும் மாலை போட்ட படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சமும் காற்றில்லை. ஆனாலும் சுடர் படத்தின் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த முகம் வரவர வெளிறிக்கொண்டே போனது. ஐயோ, ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேனே என்று மனசுக்குள் அரற்றினேன்.

முன்வரிசையில் ஒருத்தி, "பாவம், எப்ப செத்தாராம்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான். "எந்தச் சீமைப் புள்ளையோ, இந்தக் காட்டுல வந்து சாகவா உன்னப் பெத்தா" என்று அந்த முன்வரிசைக்காரி ஒப்பாரிக் குரலெடுத்தாள். பத்துப் பதினைந்து பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய கிராணி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கை ஆட்டினார். யார் கேட்டார்கள்? படத்தில் இருந்தவருக்கென்று தொடங்கிய ஒப்பாரி, வரும் வழியில் கப்பலில் செத்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள் என்று எல்லோருக்குமாக நீண்டது. நானும் போய்ச் சேர்ந்து அழுதேன். நான் அழுதது பயத்தில்.

அழுதபடியே நிமிர்ந்தால், வாசலில் அவர் நிற்கிறார். படத்தில் இருந்த அதே முகம், அதே கோட்டு, உடம்பெல்லாம் செம்மண். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க, ஒப்பாரி நின்றது. குழந்தைகள் வீறிட்டன. ரயிலைத் தவறவிட்டு, ஜொகூர் பாருவிலிருந்து மரம் ஏற்றும் லாரியில் வந்தாராம். "ரொம்ப நேரமா நிக்கிறேன்" என்றார்.

பெரிய கிராணி காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். வந்தவர் அதைக் காதில் வாங்காமல் மேடையேறி, தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "குங்குமம் வச்சது யாரும்மா?" நான் எழுந்தேன்.

"ஊர்ல எனக்குன்னு யாரும் இல்லம்மா. செத்தா அழ ஆளில்லையேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இன்னிக்குக் காதால கேட்டுட்டேன். பாதியில நிறுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார். மேடையை விட்டு இறங்கி, எங்களோடு பாயில் வந்து உட்கார்ந்தார்.

ஒப்பாரியைத் தொடங்கியவளே அவர் முகத்தைப் பார்த்தபடி மறுபடி குரலெடுத்தாள். எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு நாங்கள் அழுது முடித்தோம். அன்றைக்குச் சொற்பொழிவே நடக்கவில்லை.

இப்போதெல்லாம் மைக் வைத்த கூட்டங்களுக்குப் பேரப்பிள்ளைகள் அழைத்துப் போகிறார்கள், கைதட்டிவிட்டு வருகிறேன். அந்த மனிதர் பிறகு எங்கே போனார், எப்போது கண்மூடினார் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. செய்தி வந்திருந்தாலும் நாங்கள் அழுதிருக்க மாட்டோம். அவருக்கு அழவேண்டியதை அவர் முன்னாலேயே அழுதுவிட்டோமே.