ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு வரி

வூப்பெர்டால் பெரிய ஊருமில்லை, சின்ன ஊருமில்லை. டுசல்டோர்ஃபில் இருக்கிற தமிழர்களைக் கேட்டால், "அதுவோ, மழையும் படிக்கட்டும்தான்" என்பார்கள். பொய்யில்லை. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலைப் படமெடுக்க வெளியூர்க்காரர் கூட்டமாக வருவார்கள். கணேசலிங்கத்தின் மூத்த மகள் யாமினிக்கு அது நீச்சல் குளத்துக்குப் போகிற வண்டி, அவ்வளவுதான்.

கணேசலிங்கம் ஓர் இத்தாலியன் உணவகத்தில் பிற்சா போட்டார். மனைவி தவமலர் விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்தாள். இருவருக்கும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, கடைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான். ஆகவே ஏழு வயதிலிருந்தே அந்த வீட்டின் வாய் யாமினிதான். வருகிற கடிதமெல்லாம் முதலில் அவள் கைக்குப் போகும். எந்த அலுவலகத்தில் டெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், என்றாலும் அவள்தான் முன்னால் நடப்பாள். தாயின் மாதவிடாய்க் கோளாறைக்கூட எட்டு வயதில் டாக்குத்தருக்கு மொழிபெயர்த்தவள். அர்த்தம் தெரியாமல் மொழிபெயர்த்தாள் என்பது வேறு கதை.

அப்படிப்பட்ட வீட்டில் பெற்றோர் சந்திப்புக்கு யார் மொழிபெயர்ப்பாளர்? வேறு யார்! தன்னைப் பற்றி ஆசிரியை சொல்வதைத் தானே தாய்க்குச் சொல்லவேண்டும். இப்படி ஒரு கூத்து உலகத்தில் வேறெங்கும் நடக்குமோ தெரியாது. ஜெர்மனியில் நம் பிள்ளைகளுக்கு அது வாடிக்கை.

அந்த நாட்டில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கெட்டிக்காரருக்கு கிம்னாசியம், பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி அது. அடுத்தபடிக்கு ரியால்சூலே. அதை முடித்தவர்கள் பெரும்பாலும் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்குப் போவார்கள். தமிழ் வீடுகளில் இதைவிடப் பெரிய தேர்தல் கிடையாது. யாருடைய பிள்ளை எங்கே போகிறது என்று கல்யாண வீடுகளிலும் கோயிலிலும் ஒரு வருடத்துக்கு அலசுவார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு சனவரியில் யாமினியின் முறை வந்தது. தவமலர் வேலையிடத்திலிருந்து நேரே ஓடிவந்தாள். நீல வேலை உடுப்பு, கையில் புளீச் மணம். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தாள். ஆசிரியை கிளோக்னர் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். கடைசியில் தவமலரைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் தவமலர்.

யாமினி கீழ்வீட்டு டெர்யாவை நினைத்தாள். டெர்யா துருக்கிக்காரி, உயிர்த்தோழி. அவள் ரியால்சூலேக்குப் போகிறாள். அது படிக்கட்டு முடிகிற இடத்திலேயே இருக்கிறது. கிம்னாசியமோ இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். அங்கே ஒரு முகம்கூடத் தெரியாது.

"ரியால்சூலேதான் எனக்குச் சரியாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவ. அவ்வளவுதானோ?"

"ஓம். நல்ல பிள்ளையாம். ஆனா ரியால்சூலேதானாம்."

பிறகு ஆசிரியையிடம் திரும்பி, அம்மா யோசித்துச் சொல்கிறாராம் என்று டொச்சில் ஒரு போடு போட்டாள். தவமலர் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தாள். பின்னால் வந்த கடிதத்தையும் யாமினிதான் வாசித்தாள் என்றால், அதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

அன்றைக்குப் பிறகு தவமலர் ஒரு பழக்கம் பிடித்தாள். பள்ளிக்கூடத்துக்கு என்றால் மட்டும் பெட்டியிலிருந்து ஒரு மெரூன் கோட்டை எடுத்துப் போடுவாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, கோட்டும் பொட்டுமாகத்தான் வாசல் தாண்டுவாள். யாமினியும் தங்கை மதுமதியும் அதற்கு 'மந்திரி கோட்' என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள்.

யாருக்காக இவ்வளவும் செய்தாளோ அந்த டெர்யா, ஏழாம் வகுப்பில் தகப்பனுக்கு வேலை மாறி டோர்ட்முண்டுக்குப் போய்விட்டாள். போனவள் ஒரு கிறிஸ்மஸ் கார்ட்டோடு சரி. யாமினி பத்தாம் வகுப்பு முடித்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங்கில் சேர்ந்தாள். வேலை பிடித்தே இருந்தது. கிழவர் ஒருவர் புதுக் கண்ணாடி போட்டுத் தெருவைப் பார்த்து "ஓ!" என்றால், அவளுக்கும் அன்றைய நாள் நன்றாகப் போகும்.

இப்படியே போயிருக்கும். இரண்டாயிரத்து எட்டில் மதுமதி நான்காம் வகுப்புக்கு வந்து நின்றாள்.

"லண்டனுக்குப் போவம்" என்றாள் தவமலர். அவளுடைய தமையன் இராசலிங்கம் போய் மூன்று வருடம். ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்தவர்களெல்லாம் போய்க்கொண்டிருந்த காலம் அது. கணேசலிங்கத்துக்கு அரைமனம். ஆனால் தவமலர் ஒரே பிடியாக நின்றாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை வீட்டை விடுகிற கடிதத்தை எழுதச் சொல்லி யாமினியின் முன்னால் தாளை வைத்தாள்.

யாமினிக்கு அவுஸ்பில்டுங் முடிய இன்னும் ஏழு மாதம். பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தனியே விட்டுப்போகிற வீடா அது? பேசவே ஏலாது.

தேதியை எழுதினாள். வீட்டு முகவரியை எழுதப்போனபோது கை நின்றுவிட்டது. அந்த முகவரிக்குப் போக நூற்றுப் பன்னிரண்டு படி. பனிக்காலத்தில் அதன் பக்கத்துச் சரிவில் பிளாஸ்டிக் பையில் உட்கார்ந்து சறுக்கி, டெர்யாவின் முன்பல் உடைந்தது. ஊர்க்காரர் பழைய சாமான் வெளியே வைக்கிற நாளில் அப்பாவும் அவளும் ஒரு சோபாவை அந்தப் படிகளில் தூக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா அதில் உட்கார்ந்து இளைப்பாறினார். நவம்பரில் பிள்ளைகள் விளக்கேந்திப் போகிற ஊர்வலத்துக்கு அம்மா சேலைப்பெட்டி மட்டையில் விளக்குக் கூடு செய்து தந்தாள். நீச்சல் குளத்தில் ஈரத் துவாயோடு தின்ற உருளைக்கிழங்குப் பொரியலின் உப்பு நாக்கிலேயே இருந்தது. யாமினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது என் ஊர், எங்கேயும் போகமாட்டேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

"ஏனம்மா போகவேணும்?"

"ஏனோ? உன்னைத் தள்ளிவிட்ட மாதிரி மதுவையும் தள்ளட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ? லண்டனிலை இந்தப் பிரிப்பு இல்லை. என்ர பிள்ளை மொக்கில்லை. அவைதான் உன்னைக் கீழை போட்டவை."

சொன்னால் தாயின் முகத்தில் இனி எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் ஊர் போய்விடும். பேனாவை வைத்தாள்.

"என்னை ஒருத்தரும் தள்ளேல்லை அம்மா. கிம்னாசியம் எண்டுதான் ரீச்சர் சொன்னவ. நான்தான் பொய் சொன்னனான். டெர்யாவோட போக."

கணேசலிங்கம் தொலைக்காட்சியை நிறுத்தினார். "என்ன விசர்க்கதை பிள்ளை இது?"

தவமலர் ஏசவில்லை, அடிக்கவில்லை. குசினிக்குள் போய், கழுவி வைத்த சட்டியை மறுபடி கழுவினாள். நான்கு நாள் மகளோடு பேச்சே இல்லை. ஐயோ, இரண்டு அறை வைத்திருந்தாலும் தேவலை என்று யாமினி தவித்துப்போனாள். தேதி மட்டும் எழுதிய தாள் மேசையிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை மதுமதியின் ஆசிரியையோடு டெர்மீன். தவமலர் கோட்டைப் போட்டுக்கொண்டு, "நீயும் வா" என்றாள்.

அதே வகுப்பறை, அதே சின்னக் கதிரை, தலை நரைத்துப்போன அதே கிளோக்னர். மதுமதி கிம்னாசியம் போகலாம், கணக்கில் மட்டும் கொஞ்சம் பாடுபடவேண்டும் என்றார். யாமினி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். எழும்புகிற நேரம் பார்த்துத் தவமலர் தன் உடைந்த டொச்சில் தானே கேட்டாள்: "பெரிய மகள். இரண்டாயிரமாம் ஆண்டு. நீங்கள் என்ன சொன்னது?"

கிளோக்னருக்கு நினைவிருந்தது. தன்னைப் பற்றித் தானே மொழிபெயர்த்த பிள்ளையை மறப்பார்களா? நீங்கள்தான் கிம்னாசியம் வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள் என நினைத்தேன், எனக்கு அப்போது கவலையாக இருந்தது என்று சொல்லிவிட்டு, மீண்டும் நீளமாகப் பேசினார். கேட்கக் கேட்க யாமினியின் முகம் சிவந்தது.

"இப்ப சொல்லு" என்றாள் தவமலர். "முழுக்கச் சொல்லு."

"வகுப்பிலை நான்தான் கெட்டிக்காரியாம். அலுமாரியிலை இருந்த புத்தகம் முழுக்க வாசிச்சு முடிச்சனானாம்." யாமினி தாயைப் பார்க்காமல் சொன்னாள். "பிறகு உங்களைப் பற்றியும் சொன்னவவாம்."

"என்னெண்டு?"

"வேலை உடுப்போட ஓடி வந்து இந்தச் சின்னக் கதிரையிலை இருக்கிற அம்மாவாலதான் இந்தப் பிள்ளை இப்படி வந்தது. அதை அம்மாட்டைச் சொல்லு எண்டு என்னட்டைச் சொன்னவவாம். நான் சொல்லேல்லை."

தவமலரின் கண் நிறைந்து வழிந்தது. ஆசிரியை காகிதத் துவாலையை நீட்டினார்.

"நான் என்ன நினைச்சுக்கொண்டிருந்தனான் தெரியுமோ?" என்றாள் தவமலர். "என்ர உடுப்பையும் மணத்தையும் பாத்துத்தான் உன்னைக் கீழை போட்டவ எண்டு. என்னாலதான் பிள்ளையின்ர படிப்புப் போச்சுது எண்டு. எட்டு வருசம், யாமினி."

மெரூன் கோட்டின் கதை யாமினிக்கு அப்போதுதான் விளங்கியது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். தவமலர் கையை இழுக்கவில்லை.

படியேறும்போது, "உனக்கு நல்ல அடி கிடக்கு. அப்பாவுக்கு முன்னால தருவன்" என்றாள். வீட்டில் மேசையில் கிடந்த தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கடைக்குப் போக மரக்கறிப் பட்டியல் எழுதினாள். லண்டன் பேச்சு அதோடு சரி.

பெப்ரவரியில் மதுமதியைக் கிம்னாசியத்தில் பதிகிற நாள். யாமினி கடையில் விடுப்புக் கேட்டு வந்து வாசலில் காத்திருந்தாள். தவமலர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நீல வேலை உடுப்பில் வந்தாள்.