இனித்துக்கொண்டே இருந்த பாயசம்

அம்மாவின் வியாதியை முதலில் கண்டறிந்தவை எறும்புகள். குளியலறைச் சாக்கடையைச் சுற்றி அவை கரிய வளையமாக மொய்த்திருப்பதைப் பாத்திரம் தேய்க்க வரும் ஆயாதான் காட்டினாள். ஆழ்வார்பேட்டை டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொன்னது அடுத்த வாரம். அப்போதே அம்மாவின் இடது கால் சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார், அம்மாவுக்குப் புரியாது என்ற எண்ணத்தில். அம்மாவுக்குப் புரிந்தது.

அம்மா இனிப்பு எல்லாவற்றையும் விட்டாள். வெள்ளிக்கிழமை மாலை அம்பாளுக்கு நைவேத்தியமாகும் பால் பாயசத்தில் ஒரு டம்ளர் மட்டும் வேண்டும் என்றாள். டாக்டர் அரைமனதாக இசைந்தார்: பால் நீர்க்க இருக்க வேண்டும், அரிசி குறைய வேண்டும், சர்க்கரை பெயருக்குத்தான்.

அந்தப் பொறுப்பு என்னுடையதாயிற்று. நான் தமிழ் எம்.ஏ. முதலாண்டு மாணவி, பாடபேதங்களை ஒப்பிட்டுக் குறிப்பெழுதும் பழக்கம் அடுப்படிக்கும் வந்தது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்தேன். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தேன். ஒரு பிடி அரிசிக்குப் பதில் அரைப் பிடி நொய். நொய் குழைந்தால் நீர்த்த பாலும் கெட்டியாகத் தோன்றும். வழக்கமான பன்னிரண்டு கரண்டிச் சர்க்கரையை எட்டாக்கி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நைவேத்தியத்துக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. சமைத்து, மூடி, பூஜை அறை வாசலில் வைப்பதோடு என் வேலை முடிந்தது. அப்பா உள்ளே எடுத்துச் சென்று கதவைச் சாத்துவார். மணி ஒலிக்கும். ஓயும். பாத்திரத்தின் விளிம்பில் ஏதோ உரசும் மெல்லிய ஓசை. மறுபடி மணி. கதவு திறக்கும்போது கற்பூரப் புகையோடு பாயசம் வெளியே வரும்.

முதல் வெள்ளிக்கிழமை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். மறுவாரம் ஆறு கரண்டிதான் போட்டேன். டம்ளர் காலியாயிற்று. மிச்சத்தை நான் குடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு கரண்டியின் இனிப்பு.

சனிக்கிழமை காலைகளில் பரிசோதனையும் என் வேலை. சோதனைக் குழாயில் நீல மருந்து, அதில் அம்மாவின் சிறுநீர் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறமானால் மிக அதிகம். அந்தச் சனிக்கிழமை செங்கல் நிறம்.

அம்மா திருடித் தின்கிறாள் என்று நினைத்தேன். சர்க்கரை டப்பாவை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அப்பாமேல் சந்தேகம் வரவில்லை. எங்கள் வீட்டில் சர்க்கரை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி, மூன்று கரண்டி. அதே இனிப்பு. மறுநாள் அதே செங்கல் நிறம்.

நான்காம் வெள்ளிக்கிழமை ஒரு கரண்டிகூடப் போடவில்லை. பால், நொய், இரண்டு ஏலக்காய், அவ்வளவுதான். வாசலில் வைத்துவிட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி ஓய்ந்தது. அந்த உரசல். மறுபடி மணி. கதவு திறந்ததும் அம்மாவுக்கு முன்னால் நான் ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்தேன்.

இனித்தது.

உள்ளே, விளக்குச் சுடர் அசைந்தபோது படத்திலிருந்த அம்பாளின் கண்கள் என் பக்கம் திரும்பியது போலிருந்தது. அம்மா டம்ளரை நீட்டிக் காத்திருந்தாள். கொடுக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை, பிரசாதம். கொடுத்தேன். நான் ஒருபோதும் நம்பாத ஒன்றை அன்றிரவு நம்பத் தொடங்கியிருந்தேன்.

காலையில் ஆயா கூடத்தைப் பெருக்கும்போது துடைப்பத்தை நிறுத்தினாள்.

“இன்னாம்மா இது, சாமி ரூம்பு கதவாண்ட எறும்பு லைன் கட்டிக்கினு போவுது? சாமிக்கும் சக்கரை வந்துடுச்சா?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளித்துவிட்டு உள்ளே போனேன். எறும்புகள் கதவின் அடியில் நுழைந்து, சுவரேறி, மாடத்தில் இருந்த கற்பூர டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன. திறந்தேன். கற்பூர வாசனை, ஆனால் கால் டப்பா சர்க்கரை.

டப்பாவை அப்பாவின் முன் வைத்தேன். அவர் பத்திரிகையை மடித்தார்.

“அவ கேக்கலம்மா. மொத வாரம் ஒரு வாயோட வச்சுட்டாளே, அவ மூஞ்சியைப் பாத்தியோ நீ?”

“நான் டியூபைத்தான் பாத்தேன். அது செங்கல்லாட்டம் செவப்பா இருந்தது.”

“ஒரு டம்ளர்தானேன்னு...”

“அந்த ஒரு டம்ளர்ல அம்மாவோட விரல் போயிடும்ப்பா.”

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அவரைக் கோச்சுக்காதேடி. எனக்குத் தெரியும். நீ போட்டிருக்க மாட்டேன்னு மொத வாய்லயே தெரிஞ்சுடுத்து. ஆசையாக் கொண்டுவந்து குடுக்கறார், வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

ஒவ்வொரு வாரமும் அந்த இனிப்பை அறிந்துகொண்டே, புன்னகையோடு, விரலை நினைத்துக்கொண்டே அம்மா விழுங்கியிருக்கிறாள். அம்பாளின் கண்களைவிட அது என்னை அதிகம் நடுங்க வைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சர்க்கரை போடவில்லை. நெடுநேரம் சிறு தீயில் வைத்ததால் பாலுக்கே உரிய மங்கலான இனிப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அப்பா கதவைச் சாத்தவில்லை. மணி இடையில் ஓயவில்லை. அம்மா வாய் வாயாக, மிக மெதுவாக டம்ளரைக் காலி செய்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குழாயை என்னிடமிருந்து அவர் வாங்கிக்கொண்டார். எட்டுச் சொட்டை அவரே எண்ணினார். நீலம் கொதித்து, கலங்கி, பச்சையாயிற்று. மஞ்சளாகும் என்று இருவரும் காத்திருந்தோம். ஆகவில்லை. விளக்கை நான் அணைத்த பிறகும் அவர் குழாயை இறக்கவில்லை. சுடரில்லாத திரிக்கு மேல் பிடித்தபடியே நின்றார்.